முகம் தெரியாவிட்டாலும் அது போர்ட்ரெய்ட்தான்: ஆன்டன் கோர்பைனின் நாற்பது வருடப் படங்கள்

(திரையில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஐந்து விநாடி, பின்னணி இசை வேண்டாம்.)

லண்டன், லங்காஸ்டர் கேட் சுரங்க ரயில் நிலையம், 1979 நவம்பர். நான்கு இளைஞர்கள் நம்மை விட்டு உள்ளே நடந்து போகிறார்கள். மூன்று பேரின் முதுகுதான் தெரிகிறது, ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கிறார்.

இது ஜாய் டிவிஷன் இசைக்குழு. திரும்பிப் பார்ப்பவர் பாடகர் இயன் கர்ட்டிஸ். படத்தை எடுத்த ஆன்டன் கோர்பைனுக்கு அப்போது 24 வயது, நெதர்லாந்திலிருந்து லண்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த இசைக்குழுவின் பாட்டு இழுத்த இழுப்பில்தான் அவர் அங்கே வந்ததே. ஆனால் படத்தைப் போட யாரும் முன்வரவில்லை. இசைக்குழுவின் படம் என்றால் நாலு பேர் முகமும் தெரிய வேண்டாமா? அடுத்த வருடம் மே 18 அன்று கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 23. அதற்குப் பிறகுதான் அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் போனது. இன்றைக்கு அந்தக் குழுவின் பெயரைச் சொன்னாலே பலருக்கு மனசில் வருவது அந்த மூன்று முதுகும் ஒரு முகமும்தான்.

சரி, இப்போது கோர்பைனின் படங்களை வைத்து நடந்த கண்காட்சிக்கு வருவோம். ஒரு கலைஞரின் மொத்த வாழ்நாள் வேலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காட்டுவதைப் பின்னோக்குக் கண்காட்சி என்கிறோம். 2015-ல் கோர்பைனுக்கு 60 வயது ஆனபோது நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஒரு கூரை போதாமல் இரண்டு கூரையின் கீழ் நடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அருங்காட்சியகங்கள். ஒன்றில் ‘ஹாலண்ட்ஸ் டீப்’, அவருடைய மொத்தப் பயணம். இன்னொன்றில் ‘1-2-3-4’, முழுக்க இசைக்காரர்கள். பாட்டு தொடங்கும் முன் டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணுவாரே, அந்த ஒன்று இரண்டு மூன்று நாலுதான் இந்தப் பெயர். முதல் பெயருக்கும் ஒரு கதை உண்டு: அவர் பிறந்த ஸ்ட்ரைன் என்ற சின்ன ஊர் ஒரு தீவில் இருக்கிறது, அதன் தெற்குக் கரையில் ஓடும் பெரிய நீர்ப்பரப்பின் பெயர் ஹாலண்ட்ஸ் டீப். அப்பா அங்கே தேவாலயப் போதகர். அந்தத் தண்ணீருக்கு அப்பால் என்னவோ இருக்கிறது என்று ஏங்கிக்கொண்டிருந்த பையன்தான் பிறகு அமெரிக்கப் பாடகர் டாம் வெய்ட்ஸையும் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸையும் எதிரே நிறுத்திப் படம் எடுத்தார்.

இத்தனை படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. வேறு எந்தப் புகைப்படக்காரரும் ‘இது சரியாக வரவில்லை’ என்று ஒதுக்கிவிடுவதை இவர் வைத்துக்கொள்கிறார். ஆள் அசைந்துவிட்டாரா, இருக்கட்டும். முகம் பாதி இருட்டில் போய்விட்டதா, அதுவும் இருக்கட்டும். பளீர் விளக்குகள் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்தில், ஹாசல்பிளாட் கேமராவைக் கையிலேயே பிடித்து எடுப்பவர் அவர். அந்தக் கேமராவில் ஒரு ஃபிலிம் ரோலுக்கு 12 சதுரப் படங்கள்தான். கனமான கேமரா, குறைந்த வெளிச்சம், தாங்க ஸ்டாண்டும் இல்லை. கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். அந்தக் கலங்கலில்தான் அந்த ஆள் அங்கே மூச்சு விட்டுக்கொண்டு நின்றது தெரிகிறது.

அப்புறம் இருட்டறை, அதாவது ஃபிலிமில் இருக்கும் படத்தைக் காகிதத்தில் போடும் இடம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிரிண்டை நேரில் பார்க்க வேண்டியதன் காரணமே இங்கேதான் இருக்கிறது. கோர்பைனின் பல படங்கள் லித் பிரிண்ட் என்ற முறையில் போடப்பட்டவை. என்லார்ஜர் என்ற, ஃபிலிமைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் கருவியின் கீழே காகிதத்துக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு ஒளி கொடுத்துவிட்டு, படத்தை வெளியே கொண்டுவரும் ரசாயனமான லித் டெவலப்பரை மிகவும் நீர்க்க வைத்து அதில் போடுவார்கள். நிமிடக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. சிவப்பு விளக்கில் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மெல்ல ஒரு வெளிறிய பழுப்பு படரும். பிறகு திடீரென்று கறுப்பு வேகமெடுக்கும், ஏனென்றால் ஓரிடம் கறுக்கக் கறுக்க அங்கே உண்டாகும் ரசாயனம் இன்னும் வேகமாகக் கறுக்க வைக்கிறது. எந்த விநாடியில் காகிதத்தை வெளியே இழுத்து நிறுத்துவது என்பது முழுக்கக் கண்ணின் கணக்கு. ஐந்து விநாடி தாமதித்தாலும் வேறு படம். அதனால்தான் வெளிச்சமான இடங்கள் பால் மாதிரி மென்மையாகவும், நிழல்கள் மணல் கொட்டியது போலச் சொரசொரப்பாகவும் ஒரே காகிதத்தில் வருகின்றன. இரண்டு பிரிண்ட் ஒரே மாதிரி வராது. போன் திரையில் இதெல்லாம் வெறும் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்.

(திரையில்: பாலைவனம், இடது பக்கம் நான்கு பேர்.)

அயர்லாந்தின் யூடூ ராக் இசைக்குழுவின் ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பம், 1987. அட்டைப்படம் 1986 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், ஸப்ரிஸ்கி பாயின்ட் என்ற இடத்தில் எடுக்கப்பட்டது. பாலைவனம் அகலமாக வர வேண்டும் என்று கோர்பைன் ஒரு பனோரமா கேமராவைக் கொண்டுபோனார். அதில் அவருக்குப் பழக்கமில்லை. ஃபோகஸ் பின்னால் இருக்கும் மலைகளில் போய் உட்கார்ந்துவிட்டது, முன்னால் நிற்கும் நான்கு பேரும் லேசாக மங்கிவிட்டார்கள். கோடிக்கணக்கில் விற்ற ஓர் ஆல்பத்தின் அட்டையில் பாடகர்களைவிட மலை தெளிவாக இருக்கிறது! எனக்கு இது தவறாகவே படவில்லை. அந்த இடத்தின் பிரம்மாண்டத்தின் முன் இவர்கள் நாலு பேரும் வழிப்போக்கர்கள் மாதிரி நிற்கிறார்கள். இன்னொன்று, அன்றைக்கு அங்கே கடும் குளிர். பாலைவனம் என்றால் வெயில் இருக்க வேண்டுமே என்று கோட்டுகளைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அந்த இறுகிய முகங்களுக்குக் குளிரும் ஒரு காரணம்.

இவர் ஒரு தடவை எடுத்துவிட்டு நகர்ந்துபோகிறவரும் இல்லை. டாம் வெய்ட்ஸை 1977-லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தார். இங்கிலாந்தின் டெபெஷ் மோட் இசைக்குழுவுக்கு 1986-லிருந்து வீடியோக்கள், அட்டைகள், பிற்பாடு மேடை அமைப்பு வரைக்கும். இயன் கர்ட்டிஸைப் பற்றி 2007-ல் ஒரு முழு நீளத் திரைப்படமே இயக்கினார், அதுவும் கறுப்பு வெள்ளையில்.

2000-களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு தொடர் மட்டும் என்னை விடவே மாட்டேன் என்கிறது. சொந்த ஊரான ஸ்ட்ரைனுக்குத் திரும்பிப் போய், ஜான் லெனன், கர்ட் கோபேன் என்று மறைந்துபோன இசைக்காரர்களாகத் தானே வேஷம் போட்டுக்கொண்டு, அந்த அமைதியான தெருக்களிலும் வயல்வெளிகளிலும் நின்று தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் யாரைப் போல ஆக வேண்டும் என்று அங்கே கனவு கண்டாரோ, அவர்களை அந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது.

இவருடைய கண்காட்சி எங்காவது நடந்து, நீங்கள் போக வாய்த்தால், 1985-ல் மாண்ட்ரியாலில் எடுத்த மைல்ஸ் டேவிஸ் படத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கைவிரல்கள் முகத்தின் மேல், இரண்டு கண்ணும் விரிந்து நம்மையே பார்க்கின்றன, தோலின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. பிறகு ஆரம்ப காலப் படங்களைத் தேடிப் போங்கள். 1972-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி. மேடைப் பக்கம் போகக் கூச்சப்பட்ட 17 வயதுப் பையன், கையில் அப்பாவின் கேமரா இருந்த தைரியத்தில் முன்னே போய் எடுத்தது. மேடைக்கும் அவனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பார்த்துவிட்டு, மறுபடி ஒரு தடவை டேவிஸ் படத்துக்கு வாருங்கள்.