ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(குளச்சலில் நூலக வாசகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிப் பாதிக் கைதட்டலை வாங்கிக்கொண்டு போய்விட்ட கல்லூரி முதல்வர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, இடம் தந்த நூலகர் அவர்களே, வியாபாரிகள் சங்கப் பெரியவர்களே, கடப்புறத்திலிருந்து வந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பொன்னாடைக்கு நன்றி, இந்த வெயிலில் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

அணுமின்சாரத்தின் எதிர்காலம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: காலம், கழிவு, நம் மண். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் அல்லவா? அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டது 1988இல். கூடங்குளம் முதல் உலையின் மின்சாரம் கம்பிக்கு வந்தது 2013இல். அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குக் கல்யாண வயதே வந்துவிட்டது! இப்போது 2047க்குள் 1,00,000 மெகாவாட் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இன்று நாட்டில் இருப்பது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். நான் அணுமின்சாரமே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. ஆரல்வாய்மொழிக் காற்று ஆடியில் அடிக்கும், தையில் படுத்துவிடும். நிலக்கரியின் புகை நமக்குத் தெரியும். இரவு பகல் ஒரே சீராக ஓடும் உலைக்கு ஓர் இடம் உண்டு. சரி, அது இருக்கட்டும்.

நம் மண்ணுக்கு வருகிறேன். 1909இல் ஷாம்பர்க் என்று ஒரு ஜெர்மானியர். திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்று நாரைப் பார்க்கிறார். நாரில் மணல் ஒட்டியிருக்கிறது. நம்மாள் என்றால் தட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் தட்டிய மணலைச் சோதித்தார். மோனசைட் என்கிற தாது! தேடிக்கொண்டு வந்து நின்ற இடம் எது? நம் மணவாளக்குறிச்சி. கறுப்பு இல்மனைட் மணலுக்கு நடுவே தேன் நிறத்தில் கிடக்கிறதே, அந்த மணிதான். அதற்குள் தோரியம், கதிர்வீச்சுள்ள ஓர் உலோகம். எதற்கு? விளக்குக்கு! பெரியவர்களுக்குப் பெட்ரோமாக்ஸ் ஞாபகம் இருக்கும். வெள்ளை வலைத்துணி மேன்டிலைக் கட்டிக் கொளுத்தினால் துணி எரிந்துபோகும். மிஞ்சுகிற தோரியச் சாம்பல்தான் பளீரென்று வெளிச்சம் தரும். தொட்டால் உதிரும். கொடை விழாவில் வில்லுப்பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஒரு ஈசல் போய் மோதும், மேன்டில் பொடிப்பொடி, பந்தல் இருட்டு. புலவர் பாட்டை நிறுத்துவார், விளக்குக்காரரை ஊரே திட்டும். பாவம், அவர் சட்டைப்பையில் இன்னொரு மேன்டிலைத் தேடுவார். நம் கடற்கரைப் பொருள் எங்கோ போய், விளக்குக்குள் ஏறி, நம்மிடமே காசுக்கு வந்தது.

அதே தோரியத்தை வைத்துத்தான் நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபா அணுமின்சாரத்துக்கு மூன்று கட்டத் திட்டம் போட்டார். தோரியம் உலையில் தானாக எரிபொருள் ஆகாது. நியூட்ரான் என்கிற அணுத்துகளை வாங்கி யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். அந்த யுரேனியத்தில் ஓடும் காமினி உலை கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கிறது. ஆராய்ச்சி உலைதான், திறன் 30 கிலோவாட். முப்பந்தலில் ஒரு காற்றாலையே அதைவிடப் பல மடங்கு. ஆனால் மணல் அள்ளுவதற்கு மட்டும் அவசரம்: கிள்ளியூர் வட்டாரத்தில் மத்திய அரசின் மணல் நிறுவனம் 1,144 ஹெக்டேர் கேட்கிறது.

கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இதே மணல்தான். அங்கே வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்தார்கள், புற்றுநோய்ப் பதிவேடு வைத்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் ஆய்வு வெளியானது. நல்ல செய்திதானே! அளந்ததால்தான் சொல்ல முடிந்தது. உங்கள் தெருவில் எவ்வளவு என்று காட்ட உங்கள் வீட்டில் ஒரு தாள் உண்டா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊரில், கடலோரத்தை அளக்காமல் தோண்டலாமா?

கழிவைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த கூட்டத்தில் கூப்பிட்டால் சொல்கிறேன்.

நம் கோரிக்கை இதுதான். நீரோடி முதல் கன்னியாகுமரி வரை ஒவ்வொரு கடற்கரை ஊரிலும், ரேஷன் கடை வாசலில், மாதம் ஒருமுறை அளந்த கதிர்வீச்சைத் தமிழில் பலகையில் எழுத வேண்டும். தோண்டுவதற்கு முந்தைய அளவும் அதில் இருக்க வேண்டும். மனு பின்வரிசை மேஜையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வட்டாட்சியர் அம்மாவுக்கு ஒரு நகல் இப்போதே தருகிறேன்.