ஆலங்கட்டி மழை அடித்த வயல்: உழுவதற்கு முன் குருத்தைப் பாருங்கள்

[காட்சி: இலைகள் நார்நாராகக் கிழிந்து நிற்கும் மக்காச்சோள வயல். வரப்போரம் ஒதுங்கிக் கிடக்கும் ஆலங்கட்டிகள்.]

சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் உச்சத்தை எட்டி, மாலையில் இடியோடு கார்மேகம் திரளும்போது, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கோடை மழையோடு சில நேரம் ஆலங்கட்டியும் விழுகிறது. பத்து நிமிடம் அடித்தாலே போதும், மூன்று மாத உழைப்பு தரையில் கிடக்கும். மறுநாள் காலையில் அந்த வயலைப் பார்க்கும் எவருக்கும், இனி இது தேறாது, உழுதுவிடலாம் என்றே தோன்றும். அந்த முடிவை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த வீடியோ.

தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை உள்ளூர்ப் பேரிடர் வகையில் சேர்வதால், பாதிப்பு வயல் வாரியாக மதிப்பிடப்படும். ஆனால் அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்திருக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். வயலைச் சுத்தம் செய்யத் தொடங்குவதற்கு முன்பே படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மக்காச்சோளச் செடியின் அடித்தண்டு நீளவாக்கில் பிளக்கப்படுகிறது. அண்மைக் காட்சி.]

இனி மக்காச்சோளத்துக்கு வருவோம். இந்தப் பயிரில் ஐந்தாறு இலைகள் முழுமையாக விரியும் வரை வளரும் குருத்துமுனை மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மேலே உள்ள இலைகள் அனைத்தும் கிழிந்து போனாலும், செடி அடியிலிருந்து புதிய இலைகளைத் தள்ளிக்கொண்டு எழும். அமெரிக்காவில் பயிர்க் காப்பீட்டு மதிப்பீட்டாளர்கள் பயன்படுத்தும் அட்டவணையின்படி, ஏழு இலைப் பருவத்தில் இலைகள் முழுவதும் அழிந்தால்கூட விளைச்சல் இழப்பு சுமார் 9 விழுக்காடுதான். அதே சேதம் ஆண் பூங்கொத்து வெளிவரும் பருவத்தில் நேர்ந்தால் கதிரே கிடைக்காது. எனவே முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு இலை போயிற்று என்பதைவிட, எந்தப் பருவத்தில் போயிற்று என்பதே.

ஏழு நாட்கள் கழித்து, வயலின் வெவ்வேறு இடங்களிலிருந்து சில செடிகளைப் பிடுங்கி, அடித்தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். குருத்துமுனை வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ கெட்டியாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. பழுப்பேறிக் கொழகொழத்திருந்தால் அந்தச் செடி பிழைக்காது. கிழிந்த இலைகள் முறுக்கிக்கொண்டு புதுக்குருத்தைக் கட்டிப்போட்டிருப்பதும் உண்டு. பெரும்பாலானவை காற்றில் தாமே விடுபட்டுவிடும் என்பதால் அவற்றை அறுத்துவிட வேண்டாம்.

[காட்சி: தக்காளிச் செடியின் தண்டில் ஒரு பக்கம் மட்டும் வரிசையாகத் தெரியும் வெண்ணிறக் காயங்கள்.]

தக்காளியின் நிலை வேறு. அதன் குருத்து தொடக்கம் முதலே வெளியில் இருப்பதால், நுனி ஒடிந்தால் அங்கே வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. நுனி போனதும் அது விழித்துப் பக்கக்கிளையாக வளரும். இங்கே செடிக்குப் பெரிய ஆபத்து காயத்தின் வழியாக நுழையும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். காற்று வீசிய பக்கத்தில் தண்டு முழுக்க நசுங்கல்கள் இருக்கும். இலைகள் உலர்ந்ததும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து, காயம்பட்ட அந்தப் பக்கம் நன்றாக நனையுமாறு தெளிக்க வேண்டும். இது நோய் பரவாமல் காக்குமே தவிர, காயத்தை ஆற்றாது. ஆற்றுவது செடியின் வேலை.

அடிபட்ட காய்களைப் பறித்து வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். ஒடிந்து தொங்கும் கிளைகளை மட்டும் வெட்டுங்கள். பாதி கிழிந்த இலையைப் பார்க்க மனம் பொறுக்காதுதான், ஆனாலும் அது இருக்கட்டும்: செடிக்கு இப்போது உணவு தயாரித்துக் கொடுப்பதும், மிஞ்சிய காய்கள் வெயிலில் வெந்து வெளுக்காமல் மறைப்பதும் அந்த இலைதான்.

தண்ணீரிலும் உரத்திலும் நிதானம் தேவை. இலைப்பரப்பு குறைந்த செடி முன்போலத் தண்ணீரை இழுக்காது. வழக்கமான அளவில் பாய்ச்சினால் வேர் அழுகும். மழைநீர் தேங்கியிருந்தால் முதலில் அதை வடியுங்கள். செடியைத் தூக்கிவிட வேண்டும் என்ற ஆதங்கத்தில் மறுநாளே யூரியாவை அள்ளிப் போடுவது பயன் தராது. புதுத்தளிர் தெரிந்த பிறகு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து மாலை வேளையில் இலைவழி கொடுத்தால் போதும்.

மா மரங்களில் இந்த ஆண்டுக் காய்களை மீட்க வழி அதிகம் இல்லை. கீழே விழுந்தவற்றை அன்றன்றே பொறுக்கி அகற்றுவதும், பட்டை உரிந்த கிளைகளில் காப்பர் பசை பூசுவதும் அடுத்த பருவத்துக்காகச் செய்ய வேண்டியவை.

[காட்சி: அளவு நாடா விரித்து, வரிசையில் உயிருள்ள செடிகள் எண்ணப்படுகின்றன.]

பத்தாம் நாளில் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளியில் நட்ட மக்காச்சோளத்தில் 10 மீட்டர் வரிசைக்கு 40 செடிகள் இருக்க வேண்டும். ஐந்தாறு இடங்களில் எண்ணியும் பாதிக்கு மேல் உயிரோடு, பரவலாக இருந்தால், மறுவிதைப்புக்கு ஆகும் செலவையும் தாமதத்தையும் நினைத்து இருக்கும் பயிரையே காப்பாற்றலாம் என்பது எங்கள் கருத்து. அதற்கும் குறைவாக இருந்து உழுதே ஆக வேண்டுமானால், முன்பு அட்ரசின் களைக்கொல்லி தெளித்த நிலமா என்று பாருங்கள். அதன் எச்சம் மண்ணில் இருக்கும்போது பயறு வகைகளோ தக்காளியோ முளைத்தும் கருகிவிடும். அந்த நிலத்தில் மீண்டும் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ விதையுங்கள்.