25 வருடம் ஒரு நாள்: ஜப்பான் ஸ்கைலைன் அமெரிக்காவுக்குள் எப்படிப் போகிறது?

(திரையில்: துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர்)

வணக்கம். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை, இரண்டிலும் அதே 2.6 லிட்டர் ஆர்பி26 எஞ்சின், அதே இரட்டை டர்போ. ஒன்று சுங்கத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகும், இன்னொன்று பிடிபடும். என்ன காரணம் என்றால், முதல் வண்டிக்கு 25 வயது முடிந்துவிட்டது, இரண்டாவதற்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விதி ஏன் வந்தது என்று பார்ப்போம். 1980களின் முதல் பாதியில் டாலர் நன்றாக ஏறியிருந்தது. அமெரிக்க ஷோரூமில் மெர்சிடிஸ் வாங்குவதைவிட, ஜெர்மனியில் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவது மலிவு என்று ஆகிவிட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே செய்தார்கள். வியாபாரம் கைநழுவிப் போன டீலர்களும் மெர்சிடிஸின் அமெரிக்கக் கிளையும் வாஷிங்டனில் நெருக்க, 1988இல் சட்டம் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்பத் தயாரிக்காத கார், 25 வயது ஆகும்வரை சாலைக்காக உள்ளே வர முடியாது.

எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை. பாதுகாப்பு என்று சொல்லித்தான் சட்டம் போட்டார்கள். ஆனால் ஏர்பேக்கே இல்லாத 1989 ஆர்32 தலைமுறை ஸ்கைலைன் தாராளமாக வரலாம், அதைவிடப் புதிய, நன்றாகப் பராமரித்த கார் வரக் கூடாது. வயது ஏற ஏறக் கார் பாதுகாப்பாக ஆகிறதா என்ன?

வேறு வழி இருக்கிறதா என்றால், பெயருக்கு இருக்கிறது. அரசிடம் பதிவுபெற்ற இறக்குமதியாளர் மூலம் காரைத் தரத்துக்கு மாற்றலாம். ஆனால் அந்த மாடலை அப்படி மாற்ற முடியும் என்று முதலில் நிரூபிக்க வேண்டும், காரின் மதிப்பில் ஒன்றரை மடங்குக்குப் பிணைப் பத்திரமும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, அபூர்வமான கார்களுக்குக் காட்சி அனுமதி. பில் கேட்ஸின் போர்ஷே 959 பல வருடம் சுங்கக் கிடங்கில் கிடந்த கதை தெரிந்திருக்கும், 1999இல் இந்த அனுமதி வந்த பிறகுதான் அந்த மாதிரிக் கார்களுக்கு வழி பிறந்தது. அதிலும் வருடத்துக்கு 2,500 மைல்தான் ஓட்டலாம்.

சரி, 25 வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்? இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மாடல் வருடம் கணக்கே இல்லை, கார் தயாரான தேதிதான் கணக்கு. ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவு நடந்த மாதம். எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டில் பிஎன்ஆர்32 என்று தொடங்கும் சேஸிஸ் எண் இருக்கும், தயாரிப்புத் தேதி இருக்காது. அந்த எண்ணை வைத்து நிசானின் பாகப் பட்டியலில் தேடினால் மாதம் கிடைக்கும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துண்டுச் சீட்டைப் புரட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் அது பெல்ட் தயாரான தேதி, ஒரு துப்பு மட்டும்தான்.

புகை விதி தனி. அதற்கு 21 வயது போதும், ஆனால் எஞ்சின் பழைய அமைப்பிலேயே இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மாநில விதி வேறு, அதைத் தனியாகப் பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

(திரையில்: ஏலத் தாள், கார் வரைபடத்தின் மேல் சிறு சிறு எழுத்துகள்)

ஜப்பான் ஏலத்தில் எடுப்பவர்கள் இந்தத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஏ என்றால் கீறல், யூ என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த இடம், எஸ் என்றால் துரு. மதிப்பெண் இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. ஸ்கைலைன்களில் முன் சஸ்பென்ஷன் மேலே வந்து பூட்டும் இடத்தில், தகடும் தகடும் சேரும் விளிம்பில் துரு பிடிக்கும். மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள், அதனால் கூடுதல் படம் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கனடாவில் 15 வருடம் போதும், அதனால் அமெரிக்காவில் தடைபட்ட கார் எல்லைக்கு அந்தப் பக்கம் சாதாரணமாக ஓடும். நம் இந்தியாவில் கணக்கே தலைகீழ், பழைய கார் என்றால் மூன்று வயதுக்கு மேல் இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். ஸ்கைலைனுக்கு ஸ்டியரிங் சரி, வயதுதான் இடிக்கிறது.

1999இல் வந்த ஆர்34 தலைமுறை ஸ்கைலைன் ஜிடி-ஆர் இந்த 25 வருட விதிப்படி அமெரிக்காவுக்குள் வர 2024 ஆனது. ஆர்34 வரிசையின் கடைசியில் வந்த நூர் பதிப்பு 2002இல் தயாரானது, அதற்கு 2027இல் அதே மாதம் வர வேண்டும். அதற்கு முன்னாலேயே "பேப்பர் எல்லாம் ரெடி" என்று யாராவது விற்க வந்தால், முதலில் சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள், பணப் பேச்சு அப்புறம்.