50 கிராம் சன்ஸ்கிரீன் ட்யூப் எத்தனை நாள் வரணும்?

எல்லாருக்கும் வணக்கம். மணி எட்டேகால் ஆகிவிட்டது, கிளம்புவதற்குள் பேசிவிடுகிறேன். முதலில் என் கையைப் பாருங்கள். வாட்ச் கட்டும் இடம் ஒரு நிறம், அதற்குக் கீழே விரல் வரைக்கும் வேறு நிறம். மூன்று வருடம் மதுரை வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிய கை இது. முகத்துக்கு சன்ஸ்கிரீன் போட்டேன், ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கைக்குப் போடத் தோன்றவே இல்லை.

முகத்துக்கும் பட்டாணி அளவுதான் போட்டுக்கொண்டிருந்தேன். நம்மில் பெரும்பாலானோர் தவறுவது இந்த அளவில்தான். எஸ்பிஎஃப், அதாவது சன்ஸ்கிரீன் வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்கிற எண்ணை, ஆய்வகத்தில் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அதில் கால்வாசி பூசினால், அட்டையில் போட்டிருக்கிற 50 நம் முகத்துக்குக் கிடைக்காது.

இதோ, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு. முகத்துக்கும் கழுத்துக்கும் கிட்டத்தட்ட இவ்வளவு வேண்டும். மொத்தமாக அப்பினால் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் ஒரு விரல் அளவு, கொஞ்சம் படிந்ததும் அடுத்தது. அப்புறம் காது மடல். கொண்டை போடுகிறவர்கள் பின்கழுத்தை விட்டுவிடாதீர்கள். வெளியே போவதற்கு 15 நிமிடம் முன்னால் போட்டுவிடுங்கள்.

எஸ்பிஎஃப் 30-க்கும் 50-க்கும் என்ன வித்தியாசம்? சரியான அளவு பூசினால் 30 என்பது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கிற யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. அவ்வளவுதான். விலை கூடியதை வாங்கிச் சிக்கனமாகத் தொட்டுக்கொள்வதைவிட, கைக்கு அடக்கமான விலையில் வாங்கித் தாராளமாகப் பூசுங்கள். பக்கத்தில் பிஏ என்று போட்டுக் கூட்டல் குறிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கு. யுவிஏ ஜன்னல் கண்ணாடி வழியாகவும் உள்ளே வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

என் அம்மாவுக்குக் கன்னத்தில் மங்கு. மங்கு இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே நிறத்தைக் கூட்டும். அதனால் அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. அம்மாவுக்கு இப்போது அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போடணும். வியர்த்துத் துடைத்தால் உடனே. நான் ஆபீசுக்குள்ளேயே இருப்பதால் மதியம் வெளியே போகும்முன் ஒருமுறை போடுகிறேன். வண்டி டிக்கியில் மட்டும் ட்யூபை வைக்காதீர்கள், சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

சரி, இது இன்றைக்குத் திறந்த 50 கிராம் ட்யூப். முகம், கழுத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்கு மேலேயே ஆகிறது. தினம் ஒருமுறை போட்டாலே ஒன்றரை மாதம் தாண்டக் கூடாது. என் போன ட்யூப் ஆறு மாதம் வந்தது! இந்த முறை கைக்கும் சேர்த்துப் போடப்போகிறேன். இதோ, மார்க்கரில் இன்றைய தேதியை எழுதிவிட்டேன். காலியாகிற அன்றைக்கு உங்களுக்குக் காட்டுகிறேன்.