சாட்சிக் கூண்டில் டாம் ராபின்சன்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது 1960-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற நாவல். எழுதியவர் ஹார்ப்பர் லீ. மறு ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1962-இல் படமாகவும் வந்தது. அதில் வக்கீலாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. நாவலைப் படிக்காதவர்கள்கூட அந்த வக்கீலின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். அட்டிகஸ் ஃபிஞ்ச். நானும் வக்கீல் தொழிலில் இருப்பவன்தான். எங்கள் தொழிலில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை உண்டு, அது நியாயமான மரியாதையும்கூட.

ஆனாலும் இந்த நாவலில் யார் துணிச்சல் பெரியது என்று கேட்டால், நான் முதலில் கை காட்டுவது கூண்டில் நின்ற டாம் ராபின்சனை. அவரைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். டாம் 25 வயதுக் கறுப்பின இளைஞர், தோட்டக் கூலி, மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாயெல்லா யூவெல் என்ற 19 வயது வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்தார் என்று அவர்மீது வழக்கு. குற்றம் உறுதியானால் மரண தண்டனை. நீதிபதி டெய்லர், அரசு செலவில் வாதாட அட்டிகஸை நியமிக்கிறார். வழக்கமாக இப்படிப்பட்ட வழக்குகள் அனுபவமில்லாத ஓர் இளம் வக்கீலிடம்தான் போகும். நீதிபதி வேண்டுமென்றே அட்டிகஸைத் தேர்ந்தெடுத்தார் என்பது மெல்ல நமக்குப் புரியும்.

சரி, விசாரணைக்கு வருவோம். டாம் சத்தியப் பிரமாணம் எடுக்கும் இடத்தை ஹார்ப்பர் லீ எழுதியிருப்பதைக் கவனியுங்கள். டாமின் இடது கை சிறுவயதில் பருத்தி ஜின்னிங் இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்துபோனது. வலது கையைவிட ஓர் அடி குட்டை, அசையாது. அந்தக் கையை வலது கையால் தூக்கி பைபிள்மேல் வைக்கிறார். பிரமாணத்துக்காக வலது கையை உயர்த்தியதும் இடது கை வழுக்கி, குமாஸ்தாவின் மேஜைமேல் விழுகிறது. திரும்பவும் எடுத்து வைக்கப் பார்க்கிறார். 'போதும் டாம்' என்கிறார் நீதிபதி. வழக்கே அந்த ஓர் அசைவில் உடைந்துபோகிறது. மாயெல்லாவின் முகத்தில் வலது பக்கம் காயம் என்று ஷெரிஃப் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டார். எதிரே நின்று அப்படி அடிக்க இடது கைதான் வாகு. அவளுடைய அப்பன் பாப் யூவெல் இடது கையால் கையெழுத்துப் போட்டதையும் கோர்ட்டே பார்த்தது. மருத்துவரை யாரும் அழைக்கவே இல்லை. நியாயமான கோர்ட்டில் இந்த வழக்கு அங்கேயே தள்ளுபடியாகியிருக்கும்.

டாம் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம். அவர் யூவெல் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வர வேண்டும். மாயெல்லா அடிக்கடி கூப்பிட்டுச் சின்னச் சின்ன வேலை சொல்வாள். இவர் காசு வாங்காமல் செய்து கொடுப்பார். அன்றைக்குக் கூப்பிட்டபோது வீட்டில் பிள்ளைகள் யாரும் இல்லை. தம்பி தங்கைகளை ஐஸ்க்ரீம் சாப்பிட அனுப்பிவிட்டேன் என்கிறாள். அதற்காக ஐந்து சென்ட் நாணயம் ஏழைச் சேர்க்க அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அப்புறம் அவளே இவரைக் கட்டிப்பிடிக்கிறாள், முத்தம் கொடுக்கிறாள். ஜன்னலில் அப்பன் முகம் தெரிகிறது. டாம் ஓடுகிறார்.

இதைச் சொல்லாமல் தப்பிக்க வழிகள் இருந்தன. வீட்டுக்குள் போகவே இல்லை என்று சாதித்திருக்கலாம். அந்த நாளில் அங்கே என்ன நடந்தது என்று பார்த்தவர் அந்த அப்பனையும் மகளையும் தவிர வேறு யாரும் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் தானாக வந்து ஒரு கறுப்பரை முத்தமிட்டாள் என்று, அலபாமாவில், வெள்ளையர் நிறைந்த கோர்ட்டில், பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகள் முன்னால் சொல்வது என்றால் என்ன அர்த்தம் என்று டாமுக்குத் தெரியும். 1955-இல், பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில், எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்றார்கள். ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் வரம்பு மீறி நடந்தான் என்ற பேச்சு ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. கொன்றவர்களை ஜூரி விடுதலை செய்தது. இந்த நாவல் வெளிவருவதற்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்தது இது. டாம் நடந்ததை நடந்தபடி சொல்கிறார்.

அரசு வக்கீல் கில்மர் குறுக்கு விசாரணைக்கு எழுகிறார். 25 வயது ஆளைப் 'பையா, பையா' என்றே கூப்பிடுகிறார். 'அப்போ அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுங்கிறியாடா?' என்று மடக்குகிறார். இது பொறி. ஆமாம் என்றால் வெள்ளைக்காரியைப் பொய்க்காரி என்றான் என்று ஆகும். இல்லை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். டாம் சொல்வதைக் கேளுங்கள். 'அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லலைங்க ஐயா. மனசுல தப்பா நெனச்சிட்டாங்கன்னு சொல்றேன்.' ஒவ்வொரு கேள்விக்கும் இதே பதில். பல வருஷம் கூண்டில் சாட்சிகளைப் பார்த்த எனக்கு, இப்படி ஒரு பதிலை உயிர் ஊசலாடும் நேரத்தில் ஒருவர் சொல்வது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. தன் உண்மையில் ஓர் இம்மிகூட விட்டுக்கொடுக்கவில்லை, தன்னை மரண தண்டனைக்கு அனுப்பப் பார்க்கிற பெண்ணையும் அவமானப்படுத்தவில்லை.

இதற்குச் சற்று முன் வந்த ஒரு கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார். காசு வாங்காமல் அவளுக்கு ஏன் இவ்வளவு வேலை செய்தாய் என்று கேட்கிறார் கில்மர். 'பாவமா இருந்துச்சுங்க. அந்த வீட்ல மத்தவங்களவிட அவங்கதான் பாடுபடுறாங்கன்னு தோணுச்சு' என்கிறார் டாம். கோர்ட்டில் சூழ்நிலையே மாறுகிறது. ஒரு கறுப்பன் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? அந்த ஊரால் முத்தத்தைக்கூட ஒருவேளை பொறுக்க முடிந்திருக்கலாம், இந்த இரக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. சொல்லி முடித்த கணமே டாமுக்கும் அது புரிந்துவிடுகிறது, ஆனால் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. என் கணக்கில் இந்த நாவலின் உச்சம் இதுதான்.

அட்டிகஸுக்கு உரியதையும் கொடுத்துவிடுகிறேன். விசாரணைக்கு முந்தின இரவு, டாமைத் தூக்கிப்போய்க் கொல்ல ஒரு கும்பல் வரும் என்று தெரிந்து, ஜெயில் வாசலில் நாற்காலி போட்டு, நீளமான ஒயரில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். தோற்கப்போகிற வழக்கு என்று தெரிந்தே எடுக்கிறார். பிள்ளைகள் பள்ளியில் ஏச்சு வாங்குகிறார்கள், கடைசியில் அவர்கள் உயிருக்கே ஆபத்து வருகிறது. எல்லாம் உண்மை. இருந்தாலும் தீர்ப்பு வந்த இரவு அட்டிகஸ் தன் வீட்டுக்குத் திரும்பினார். டாம் சிறைப் பண்ணைக்குப் போனார். மேல்முறையீட்டில் ஜெயிக்கலாம் என்று அட்டிகஸ் நம்பிக்கொண்டிருக்கும்போதே, வேலியேறித் தப்பப் பார்த்தார் என்று சுட்டுக் கொன்றார்கள். உடம்பில் 17 குண்டுகள். வெள்ளைக்காரர்கள் கொடுக்கும் வாய்ப்புகளை நம்பி டாமுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று அட்டிகஸே சொல்கிறார். துணிச்சலை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: அதற்காக அந்த ஆள் எதை இழக்க நேரும்?

இதே அளவுகோலை ஓர் உண்மை வழக்கில் வைத்துப் பாருங்கள். 1931-இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ ஊரில் ஒன்பது கறுப்பினப் பையன்கள்மீது, ஓடும் ரயிலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு. சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, 1933-இல் மறுவிசாரணை நடந்தது. இரண்டு பெண்களில் ஒருத்தியே அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று கூண்டேறிச் சொன்னாள். ஜூரி நம்பவில்லை. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், ஜூரியின் தீர்ப்பை ஏற்காமல் தள்ளிவைத்தார். அடுத்த வருஷத் தேர்தலில் ஊர் அவரைத் தோற்கடித்தது. அங்கே நீதிபதிகளுக்கும் தேர்தல் உண்டு. அதன்பின் அவர் நீதிபதி நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்த விசாரணையின்போது ஓர் இளம் மருத்துவர் அவரைத் தனியாகச் சந்தித்து, இந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்கள், ஆனால் கூண்டேறிச் சொன்னால் என் தொழில் போய்விடும் என்று சொன்னாராம். ஹார்ட்டன் பிற்காலத்தில் சொன்ன தகவல் இது. மருத்துவருக்குத் தொழில் போயிருக்கும். அந்தப் பையன்கள் பல வருஷம் சிறையில் கிடந்தார்கள்.

நாவலில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. அட்டிகஸின் சின்ன மகள் ஸ்கவுட் பார்வையில்தான் கதை நகர்கிறது. அதனால் டாம் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை. அவர் மனைவி ஹெலன் சரிந்து விழுவதைக்கூடத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். டாமின் சாவுச் செய்தி, அட்டிகஸ் வீட்டில் சீமாட்டிகள் தேநீர் குடித்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் ஏழைகள் படும் பாட்டை நினைத்து உருகிக்கொண்டிருக்கும் வேளையில், சமையலறைக்கு வருகிறது. அந்தக் கசப்பு கதைக்கு வலு சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கறுப்பின மக்கள் இந்தக் கதையில் பெரும்பாலும் கோர்ட்டில் தங்களுக்கு ஒதுக்கிய மாடியில் உட்கார்ந்து பார்ப்பவர்களாகவே இருக்கிறார்கள். வழக்கில் தோற்று அட்டிகஸ் வெளியே போகும்போது மாடியில் அத்தனை பேரும் எழுந்து நிற்கும் காட்சி பலரும் கண் கலங்கும் இடம். எனக்கும் அந்த இடத்தில் மனம் இளகும். கூடவே, கூண்டிலிருந்து திரும்ப ஜெயிலுக்குப் போன டாமுக்காக யார் எழுந்து நின்றார்கள் என்ற கேள்வியும் வரும்.

அதனால்தான் கல்பர்னியாவின் தேவாலயக் காட்சி எனக்கு மேலும் பிடிக்கும். அட்டிகஸ் வீட்டில் சமைக்கும் கல்பர்னியா, பிள்ளைகளைத் தன் சபைக்குக் கூட்டிப்போகிறாள். பாட்டுப் புத்தகம் வாங்கக்கூடக் காசில்லாத சபை. ஹெலனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. அவளுக்காகக் காணிக்கை எடுக்கிறார்கள். பத்து டாலர் சேரவில்லை என்றதும் போதகர் சைக்ஸ் கதவைச் சாத்தச் சொல்கிறார். சேரும் வரை யாரும் வெளியே போகக்கூடாது என்கிறார். ஒவ்வொருவராக வந்து போடுகிறார்கள், பத்து டாலர் சேர்கிறது. வெளியே அவர்களுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது, உள்ளே அவர்கள் தங்களுக்கான வழியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக இன்னொரு உண்மை வழக்கு. ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த ஊர் மன்ரோவில். மேகோம்புக்கு அச்சு அந்த ஊர்தான். அங்கே பழைய கோர்ட் கட்டடம் இன்று அருங்காட்சியகம், ஊர்க்காரர்களே இந்த நாவலை நாடகமாக நடிக்கிறார்கள். அதே ஊரில் 1986-இல் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொல்லப்பட்டார். வால்டர் மக்மிலியன் என்ற கறுப்பினத்தவரைக் கைது செய்தார்கள். விசாரணைக்கு முன்பே மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் அடைத்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் மீன் பொரித்து விற்கும் நிகழ்ச்சியில் இருந்தார். சபையாரும் சுற்றத்தாரும் சாட்சி. 1988-இல் விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை சொன்னது, நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். பிறகு பிரையன் ஸ்டீவன்சன் என்ற கறுப்பின வக்கீல் வழக்கை எடுத்தார். அரசுத் தரப்பு சாட்சி ஒருவர் சொன்னது பொய் என்று உண்மையைச் சொல்ல வந்த ஓர் இளைஞரைப் பொய்ச்சாட்சி என்று சொல்லிக் கைது செய்தார்கள். டாமின் நிலைமை அரை நூற்றாண்டு கழிந்தும் மாறவில்லை.

1992-இல் புது சாட்சியங்கள் பற்றிய விசாரணை நடந்தது. ஊரிலிருந்து கறுப்பினத்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். மறுநாள் கோர்ட் வாசலில் அவர்களைத் தடுத்து நிறுத்தி, உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பெரிய நாயையும் நிறுத்தினார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி, 1965-இல் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனபோது நாயை ஏவிவிட்டதை நேரில் கண்டவர். நாயைப் பார்த்ததும் உடம்பு நடுங்கி அழுதுகொண்டே திரும்பிப் போய்விட்டார். அதற்கடுத்த நாள் மறுபடியும் வந்தார். 'எனக்கு நாயைக் கண்டு பயமில்லை' என்று சொல்லிக்கொண்டே அதைத் தாண்டி நடந்து முன் வரிசைக்கு வந்தார். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவர் மட்டும் நின்றார். 'நான் வந்துட்டேன்' என்று கோர்ட் முழுக்கக் கேட்கச் சொன்னார். ஸ்டீவன்சனே இதை எழுதியிருக்கிறார்.

மக்மிலியன் 1993 மார்ச்சில் விடுதலையானார். மரண தண்டனைச் சிறையில் அவருக்குப் போனது ஏறக்குறைய ஆறு வருஷம். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.