கணக்கர் எங்கே உட்கார வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் நான் முதலில் கவனிப்பது, அக்கவுண்ட்ஸ் பிரிவு எங்கே இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் கடைசி அறையாக இருக்கும். சரி, உட்காரும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. கடைசி அறையில் இருப்பவருக்கு எல்லாமே கடைசியில்தான் தெரியவரும். பொருளை வாங்கி முடித்த பிறகு பில் வரும். கையெழுத்தான பிறகு ஒப்பந்தம் வரும். அப்புறம் அவர் செய்யக்கூடியது, நடந்ததை எழுதிவைப்பது ஒன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்துவிட்டு வந்தார். அதுவரை அந்த நிறுவனம் பார்த்திராத அளவு. லாபமும் நல்ல லாபம். எல்லாரும் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைமைக் கணக்கர் மட்டும் ஒரு பழைய வவுச்சரைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். தொகை எதுவும் இல்லை. நாட்கள் மட்டும்தான். மூலப்பொருளுக்குப் பணம் கொடுப்பது பதினைந்தாம் நாள். முதல் சம்பளம் முப்பதாம் நாள். இரண்டாம் சம்பளம் அறுபதாம் நாள். சரக்கு போவதும் அறுபதாம் நாள்தான். பில் போட்டு, வாடிக்கையாளருக்குத் தொண்ணூறு நாள் தவணை. ஆகப் பணம் கைக்கு வருவது நூற்றைம்பதாம் நாள்!

அந்தத் தாளை மேஜையில் வைத்து, "பதினைந்துக்கும் நூற்றைம்பதுக்கும் நடுவில் எதை வைத்துச் சமாளிக்கப் போகிறோம்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஆர்டர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று மாலையே விற்பனைக்காரர் வாடிக்கையாளரிடம் திரும்பப் போனார். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் தர ஒப்புக்கொண்டார்கள். ஆர்டர் நல்லபடியாக முடிந்தது. இதில் என் மனதில் நிற்பது ஒன்றுதான். அந்தக் கேள்வி கையெழுத்தாவதற்கு முன்னால் கேட்கப்பட்டது. ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் அதற்குப் பதில் இருந்திருக்காது.

லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சரக்கை விற்று பில் போட்டவுடனே புத்தகத்தில் லாபம் ஏறிவிடும். பணம் வந்ததா என்பது அடுத்த கேள்வி. சம்பளத்தை லாபத்தில் கொடுக்க முடியாது, ரொக்கத்தில்தான் கொடுக்க முடியும். வியாபாரம் வேகமாக வளரும்போதுதான் இந்த இடைவெளியும் பெரிதாகிறது. லாபக் கணக்கு காட்டிக்கொண்டே மூடப்பட்ட நிறுவனங்கள் உண்டு. இந்த இடைவெளியை முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர் நிறுவனத்தில் யாராவது இருக்கிறார் என்றால், அவர் கணக்கர்தான்.

இதுவரை சொன்னது உள்ளே நடக்கிற கதை. இனி வெளியே வருவோம்.

1494-ல் வெனிஸ் நகரத்தில், லூகா பாச்சோலி என்ற துறவி, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சில் கொண்டுவந்தார். அவர் கண்டுபிடித்ததல்ல, அங்கே வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டுவந்த முறை. பற்றும் வரவும் சமமாக வர வேண்டும் என்ற அதே முறைதான் இன்றைக்கும். ஆனால் அன்றைய வணிகர் பெரும்பாலும் தனக்காகவும் தன் கூட்டாளிகளுக்காகவும்தான் கணக்கு எழுதினார். பிறகு பங்கு நிறுவனங்கள் வந்தன. பணம் போட்டவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர் என்றாயிற்று. 1844-ல் பிரிட்டனில் வந்த சட்டம், இத்தகைய நிறுவனங்கள் பங்குதாரர்கள் முன் ஐந்தொகையை, அதாவது சொத்து எவ்வளவு கடன் எவ்வளவு என்ற கணக்கை, வைக்க வேண்டும், தணிக்கையாளர் அதைப் பார்க்க வேண்டும் என்றது. பத்து வருடத்தில், 1854-ல், எடின்பரோவில் கணக்கர்களின் சங்கத்துக்கு அரச சாசனமே கிடைத்தது. உள்ளே எட்டிப் பார்க்க முடியாதவர்களுக்காக ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடன் கொடுத்த வங்கி, சரக்கு கொடுத்தவர், வரி வாங்கும் அரசு, வேலை பார்ப்பவர், எல்லாரும் வெளியேதான் நிற்கிறார்கள். கணக்கர் போடும் ஒவ்வொரு பதிவும் அவர்களிடம் சொல்லும் ஒரு வார்த்தை.

அந்த வார்த்தை பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வேர்ல்ட்காம் போதும். பெரிய தொலைபேசி நிறுவனம். மற்ற நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்துவதற்காக அது கட்டணம் கொடுத்துவந்தது. அது அந்தந்த மாதச் செலவு. வாடகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியைச் சொத்து என்று எழுதினார்கள். மாத வாடகையைக் கொடுத்துவிட்டு, வீடு வாங்கினேன் என்று எழுதுவதுபோல. செலவு குறைந்தது, லாபம் ஏறியது. நட்டம் வரவேண்டிய காலாண்டுகளில்கூட லாபம் தெரிந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் அங்கேயே உள்தணிக்கைக்குத் தலைமை வகித்த சிந்தியா கூப்பர். அவருக்கும் மேலே இருந்தவர் யார் தெரியுமா? அந்தப் பதிவுகளுக்குப் பின்னால் இருந்த அதே நிதித்தலைவர். தணிக்கையைத் தள்ளிப்போடச் சொன்னார். கூப்பரும் அவர் குழுவும் தள்ளிப்போடவில்லை, இரவில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் கொண்டுபோனார்கள். 2002 ஜூனில் முதலில் வெளியே வந்த தொகை 380 கோடி டாலர். அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு போட்டது. முழுதாகத் தோண்டிப் பார்த்தபோது ஏறக்குறைய 1,100 கோடி டாலர்.

மேலிடத்து உத்தரவுப்படி அந்தப் பதிவுகளைப் போட்ட இடைநிலைக் கணக்கர்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் மறுத்தவர்கள் அவர்கள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். இந்த ஒரு தடவை என்று சம்மதித்தார்கள். அடுத்த காலாண்டிலும் அதே பேச்சு வந்தது. கடைசியில் சிலர் சிறைக்கே போனார்கள். முதல் தடவை மாட்டேன் என்றபோது, நிதித்தலைவரைத் தாண்டிப் போய்ச் சொல்ல அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்திருக்க வேண்டும். கணக்கர் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டேனே, யாரிடம் போய்ப் பேசலாம் என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. காற்றையும் தண்ணீரையும் கணக்கில் கொண்டுவருவது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுரங்கம் தோண்டும் நிறுவனம், நிலத்தைத் திரும்பச் சீர்செய்யும் கடமை இருந்தால், அதற்கு ஆகப்போகும் செலவைத் தோண்டும்போதே, கொடுக்க வேண்டிய கடன் மாதிரி, கணக்கில் எழுத வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. நிலைத்தன்மை பற்றியும் பருவநிலை பற்றியும் நிறுவனங்கள் என்னென்ன வெளியிட வேண்டும் என்று சொல்லும் இரண்டு சர்வதேசத் தரநிலைகள் 2023 ஜூனில் வந்திருக்கின்றன. எவ்வளவு எரிபொருள் எரித்தோம், எவ்வளவு புகை விட்டோம் என்பதையும் வெளியில் சொல்ல வேண்டிய காலம் இது. அந்த எண்களை விளம்பரப் பிரிவு எழுதிக் கொடுத்தால் போதாது. ரொக்கத்தை எண்ணுகிற அதே கவனத்தோடு, கணக்கர் எரிபொருள் மீட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று இன்னொரு நாள் வாய்ப்புக் கிடைத்தால் பேசுகிறேன்.

நன்றி, வணக்கம்.