கொத்துக்கறி டோஸ்ட்டில் மாவு வாசனை ஏன் வருகிறது? அமெரிக்க ராணுவச் சமையல் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்கப் படை வீரர்கள் காலையில் சாப்பிடும் கொத்துக்கறி கிரேவி டோஸ்ட்டைப் போன வாரம் செய்து காட்டியிருந்தேன். மாட்டுக் கொத்துக்கறியை மைதாவும் பாலும் சேர்த்துக் கிரேவியாக்கி, டோஸ்ட் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. அதற்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இன்று நிதானமாகப் பதில் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடும்.

தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார்: "அக்கா, நீங்கள் சொன்ன அளவில்தான் செய்தேன். ஒரே ஒரு மாற்றம். கறியில் வந்த கொழுப்பை வடித்துக் கொட்டிவிட்டு, வெண்ணெய், மைதா, பால் வைத்துத் தனியாக வெள்ளை சாஸ் செய்து, கடைசியில் கறியைக் கலந்தேன். பசை மாதிரி ஆகிவிட்டது. மாவு வாசனை போகவில்லை. உப்பும் கரித்தது. என் கணவர் வேறு, பழைய ராணுவ முறை என்றால் கொத்துக்கறியே கிடையாது, உலர்ந்த கறிதான் என்கிறார். எது சரி?"

உங்கள் கணவர் சொல்வதை முதலில் பார்ப்போம். அவர் சொல்வது சரிதான். இது தொடங்கியது உலர்ந்த மாட்டுக்கறியில். உப்பில் ஊறவைத்து, உலர்த்தி, காகிதம் போல மெல்லிசாகச் சீவிய கறி அது. அங்கே அதற்கு 'சிப்டு பீஃப்' என்று பெயர். நம் ஊர் உப்புக்கண்டத்துக்கு ஒரு வகையில் உறவுதான். ஆனால் உப்புக்கண்டம் கல் மாதிரி காய்ந்திருக்கும், இது மெத்தென்று வளையும். அதனால் இதற்குப் பதிலாக உப்புக்கண்டத்தைப் போட்டுவிடாதீர்கள், ஐந்து நிமிடத்தில் வேகாது.

அமெரிக்க ராணுவம் 1910-இல் வெளியிட்ட சமையல்காரர்களுக்கான கையேட்டில் இதன் செய்முறை இருக்கிறது. 60 பேருக்கான கணக்கு. சீவிய உலர்கறி 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ. கொழுப்பு 1 பவுண்டு, வெண்ணெயாக இருந்தால் நல்லது என்று போட்டிருக்கிறார்கள். மாவு ஒன்றேகால் பவுண்டு. மாட்டெலும்புச் சாறு 6 குவார்ட், கிட்டத்தட்ட ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். டின் பால் எவ்வளவு தெரியுமா? 12 அவுன்ஸ் டின் இரண்டே இரண்டு. 60 பேருக்கு! ஆக, அந்தக் காலத்துச் சாப்பாட்டில் 'கிரீம்' என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. முக்கால்வாசி எலும்புச் சாறுதான். அதில் மாவை எப்படிச் சேர்க்கச் சொல்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கே பதில். கொழுப்பை உருக்கி, அதில் மாவைச் சிவக்க வறுத்த பிறகுதான் சாறும் பாலும்.

இந்தச் சாமான்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலர்ந்த கறி, மாவு, டின் பால். எதற்கும் குளிர்பெட்டி வேண்டாம். வண்டியில் ஏற்றலாம், கப்பலில் அடுக்கலாம், மாதக்கணக்கில் கெடாது. படை எங்கே போனாலும் கூடவே போகும். பிற்காலத்தில் கொத்துக்கறி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முப்படைக்கும் பொதுவான செய்முறை அட்டைகளில், எல்லாமே 100 பேருக்கான அளவில் இருக்கும், அதில் கொத்துக்கறியில் செய்வதற்கும் தனி அட்டை இருக்கிறது. கப்பல்படையில் தக்காளி போட்டுச் செய்யும் வகையும் உண்டு. அதனால் நீங்கள் செய்ததும் ராணுவச் சமையல்தான். வீட்டில் சண்டை வேண்டாம்.

பெயரைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 'எஸ்.ஓ.எஸ்.' என்பார்கள். ஆபத்தில் அழைக்கும் சமிக்ஞை அல்ல. அதில் கடைசி எழுத்து 'ஷிங்கிள்', அதாவது கூரையில் பதிக்கும் பலகை ஓடு. டோஸ்ட்டை அந்த ஓடு என்றும், மேலே ஊற்றுவதை நான் இங்கே சொல்ல முடியாத ஒரு பொருள் என்றும் வீரர்கள் வைத்த பெயர். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், இளம் வயதில் கப்பல்படையில் இருந்தவர். என் மகள் பக்கத்தில் நின்றால் முழுப்பெயரைச் சொல்லவே மாட்டார், அந்த மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்வார். வாயில் வைக்க முடியாத பெயர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்றைக்கும் அவர் வீட்டில் அதுதான். நான் கற்றுக்கொண்டதும் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுதான்.

சரி, இப்போது மாவு வாசனைக்கு வருவோம்.

தங்கை, நீங்கள் வடித்துக் கொட்டினீர்களே, ருசி முழுக்க அதில்தான் இருந்தது. இந்தச் சாப்பாட்டில் சாஸ் வேறு, கறி வேறு கிடையாது. கறி விட்ட கொழுப்பில் மாவு வறுபட வேண்டும், கறி ஒட்டிய சட்டியில் பால் கொதிக்க வேண்டும். தனியாகச் செய்து கலந்தால் பால் சாஸுக்குள் கறி மிதக்கும், அவ்வளவுதான்.

நான்கு பேருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொத்துக்கறி எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான இரும்புச் சட்டி இருந்தால் அதுதான் நல்லது. கறியைப் போட்டு உதிர்த்துவிட்டதும் முதலில் தண்ணீர் விடும். சட்டி சளசளவென்று கொதிக்கும், கறி சாம்பல் நிறமாகும். பலர் இந்த இடத்திலேயே வெந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும், சளசள போய்ப் படபடவென்று பொரியும். அப்போதுதான் கறி வதங்கவே ஆரம்பிக்கிறது. அங்கங்கே பழுப்பு விளிம்பு கட்டும், சட்டியின் அடியில் ஒரு படலம் பிடிக்கும். அந்தப் படலத்தைச் சுரண்டி எறியாதீர்கள், பிற்பாடு பால் விட்டதும் அதுவே கரைந்து கிரேவிக்கு நிறம் கொடுக்கும்.

இப்போது நான்கு மேசைக்கரண்டி மைதாவை மேலே தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. கிளறக் கிளற வெள்ளை மறைந்து, கறி முழுக்க ஒரு பசையான பூச்சு பிடிக்கும். சட்டி காய்ந்து தெரிந்தால் கொழுப்பு போதவில்லை என்று அர்த்தம், ஒரு கரண்டி வெண்ணெய் சேருங்கள். மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம். ரவையை வறுக்கும்போது பச்சை வாசனை போய் ஒரு மணம் வருமே, அதே மாதிரி இதிலும் வரும். கடிகாரத்தை விட மூக்கை நம்புங்கள். மாவு கொழுப்பில் நன்றாகப் பிரட்டப்பட்டால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக நிற்கும், அதனால் பால் விடும்போது கட்டி விழாது. கட்டி விழுவதற்கும் மாவு வாசனைக்கும் காரணம் ஒன்றுதான், இந்த மூன்று நிமிட அவசரம்.

அப்புறம் பால், இரண்டு கப். முதலில் அரைக் கப் விட்டுக் குழைத்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொதி வந்தால்தான் மாவு முழுதாகக் கெட்டியாகும், அதற்கு முன்னால் தண்ணியாக இருக்கிறதே என்று இன்னும் மாவு போடக் கூடாது. கொதித்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே. கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழிய வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கிவிடுங்கள், ஆற ஆற இறுகும். உங்களுக்குப் பசை மாதிரி ஆனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அடுப்பிலேயே சாப்பிடும் பதத்துக்குக் கொண்டுவந்திருப்பீர்கள்.

இன்னொரு விஷயம். ஒரு கப்புக்கு இரண்டு கரண்டி மாவு என்று நான் சொல்கிற கணக்கும், 1910 கையேட்டில் இருக்கும் விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உப்புக்கு வருகிறேன். கறி வதக்கும்போதே உப்புப் போட்டு, வொர்ஸ்டர்ஷயர் சாஸும் (உப்பும் புளிப்புமாக இருக்கும் பாட்டில் சாஸ்) விட்டு, பாலும் வற்றினால் கரிக்கத்தான் செய்யும். கிரேவி பதம் வந்த பிறகு ஒரு தேக்கரண்டி அந்தச் சாஸ், தட்டிய மிளகு ஒரு தேக்கரண்டி, ருசி பார்த்துவிட்டு உப்பு. மிளகில் கஞ்சத்தனம் வேண்டாம், இந்தச் சாப்பாட்டுக்குக் காரம் அது ஒன்றுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் பாட்டிலில் வரும் உலர்ந்த கறியில் செய்வதாக இருந்தால், அதை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பிழிந்துவிடுங்கள். கையால் கிழித்து, நான்கு கரண்டி வெண்ணெயில் ஓரம் சுருளும் வரை வதக்கி, அதன் மேல் மாவு, பிறகு பால். மற்றதெல்லாம் அதே முறைதான். அதற்கு உப்பே வேண்டாம்.

டின் பாலில் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக, பாதி டின் பால், பாதி தண்ணீர். ஆனால் அது இனிப்பில்லாமல் சுண்டக் காய்ச்சிய பால். மில்க்மெய்டைத் திறந்துவிடாதீர்கள்.

ஊரில் இருந்து செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் எருமைக்கறி கிடைத்தால் அதில் கொழுப்பு மிகக் குறைவு, வேகவும் நேரம் எடுக்கும். ஒரு கப் தண்ணீர் விட்டு மூடி, மென்மையாகும் வரை வேகவைத்து, தண்ணீர் முழுக்க வற்றியதும் மூன்று கரண்டி வெண்ணெய் போட்டு வதக்கிவிட்டு மாவுக்குப் போங்கள்.

கடைசியாக டோஸ்ட். இனிப்பான பால் பிரெட் வேண்டாம், முந்தின நாள் வாங்கிய சாதா பிரெட் போதும். வெண்ணெய் தடவாமல், உள்ளே ஈரம் போகும்வரை குறைந்த தீயில் சுடுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு துண்டையும் எடுத்து நகத்தால் தட்டிப் பார்ப்பார். டக்கென்று பலகையைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தால் தட்டில் வைப்பார், மெத்தென்று இருந்தால் திரும்ப அடுப்புக்குப் போகும். கிரேவியை எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஊற்றுவார், முன்னாலேயே ஊற்றி வைக்க விடமாட்டார். நடுவில் ஊறி, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும்போது சாப்பிட வேண்டும்.

மிச்சமானால் கிரேவியை மட்டும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் எடுத்தால் அல்வா மாதிரி இறுகியிருக்கும், பயப்பட வேண்டாம். கால் கப் பால் விட்டுச் சின்னத் தீயில் கிளறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். டோஸ்ட்டை மட்டும் அப்போதைக்கப்போது சுட்டுக்கொள்ளுங்கள்.